குழந்தைகள்: இல்லை

என் தங்கையின் வெளிநாட்டு வேலைக்கான விண்ணப்பத்தை எழுதியதும் நான்தான், டைப் அடித்ததும் நான்தான். தொண்ணூற்றி இரண்டாம் வருடம், ஜூன் மாதம். பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று ஜன்னல் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. தாள்கள் பறக்காமல் இருக்க, அவள் பையிலிருந்த டிபன் பாக்ஸை எடுத்து மேலே வைத்திருந்தேன்.

நான் வேலை பார்த்த டைப்பிங் கடை டவுன்ஹாலுக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. முதலாளி கோட்டைமேட்டுக்காரர். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நான்கு மெஷின், ஒரு ஜெராக்ஸ், ஒரு போன். பத்திரம், கோர்ட் காகிதம், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் வரும் என்றாலும், அந்த வருடங்களில் அதிகம் வந்தது பயோடேட்டாதான். வளைகுடாவில் சண்டை ஓய்ந்து மறுபடியும் ஆள் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். வெல்டர், ஃபிட்டர், டிரைவர், நர்ஸ் என்று ஒருவர் பின் ஒருவராகப் படியேறி வருவார்கள். எல்லார் கையிலும் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் சான்றிதழ்கள்.

பிளஸ் டூவும், ஆங்கிலம் தமிழ் இரண்டிலும் ஹையர் டைப்பிங்கும்தான் என் படிப்பு. ஆனால் கொண்டுவந்ததை அப்படியே அடித்துக் கொடுக்க எனக்கு மனம் வராது. உட்கார வைத்துக் கேட்பேன். என்ன வேலை தெரியும் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "எல்லா வேலையும் செய்வனுங்க." எல்லா வேலையும் செய்வேன் என்று எழுதினால் எவனும் கூப்பிட மாட்டான். எந்த வேலை, எத்தனை வருடம், உங்கள் கீழே எத்தனை பேர், மேலே ஆள் இல்லாத நாளில் நீங்களே என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி எழுதுவேன். எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு சான்றிதழ் இருக்க வேண்டும். எந்த வேலைக்கு என்பது தாளின் தலையிலேயே தெரிய வேண்டும். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. இதையெல்லாம் எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. திரும்பி வந்த விண்ணப்பங்களையும் அழைப்பு வந்த விண்ணப்பங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. நாளாக ஆக ஏஜெண்டுகளே ஆட்களை என்னிடம் அனுப்பினார்கள். அதில் எனக்குக் கர்வம் இருந்தது.

எங்கள் அப்பாவும் அம்மாவும் உடுமலைப்பேட்டைப் பக்கம் தோப்புகளில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் இருவரையும் சர்ச் ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைத்தார்கள். தங்கை என்னைவிட ஆறு வயது சின்னவள். நர்சிங் படித்து, சிங்காநல்லூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். மதுக்கரையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவரைக் கட்டிக்கொண்டாள். பெண் குழந்தை பிறந்து பதினாலு மாதத்தில் அவர் ரோட்டு விபத்தில் இறந்துபோனார். அப்போது எங்கள் அப்பா அம்மாவும் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போத்தனூரில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். குழந்தை இல்லை. என் வீட்டுக்காரர் பம்ப்செட் பட்டறையில் டர்னர். டாக்டர்களிடம் போய்வந்து ஓய்ந்து, அதைப் பற்றிப் பேசுவதையே நாங்கள் விட்டிருந்தோம். அந்த வீட்டுக்குள்தான் அந்தக் குழந்தை வந்தது.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தங்கை நைட் டூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டாள். அதனால் குழந்தை ராத்திரியில் என்னோடுதான் படுக்கும். என்னைப் பெரியம்மா என்று கூப்பிட வாய் வராமல் 'பெயிம்மா' என்று கூப்பிடும்.

தங்கை வெளிநாடு போக வேண்டும் என்று சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆஸ்பத்திரியில் அவளோடு படித்தவர்கள் இரண்டு பேர் போயிருந்தார்கள். தன் காலில் நிற்க வேண்டும், குழந்தைக்கென்று ஒரு வீடு வேண்டும் என்று அவள் நினைத்தாள். சொந்தமாக எழுதிக்கொண்டு வந்த தாளை என் மெஷின் பக்கத்தில் வைத்தாள். ஐந்தே வரி.

"இதை அப்படியே அடிச்சுக் குடுக்கா."

"இதை வெச்சு உன்னை ஆயா வேலைக்குக்கூடக் கூப்பிட மாட்டாங்க" என்றேன்.

அவளை எதிரில் உட்கார வைத்து மற்றவர்களிடம் கேட்பதுபோலக் கேட்டேன். வார்டில் என்ன செய்வாய் என்றால், குழந்தைகளைப் பார்த்துக்குவேன் என்றாள். என்னத்தைப் பார்த்துக்குவாய், எத்தனை குழந்தை, எத்தனை இன்குபேட்டர், எடை குறைந்த குழந்தை வந்தால் முதலில் எதைத் தொடுவாய் என்று விடாமல் கேட்டேன். மெதுவாக, வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். குறைமாதத்தில் பிறந்து உள்ளங்கை அளவே இருக்கிற குழந்தையின் தலையில் நரம்பைக் கண்டுபிடித்து ஊசி ஏற்ற, டாக்டர்கள் வேறு வார்டில் இருந்துகூட இவளைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்களாம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியாது. காலையில் வந்து குளித்துவிட்டுப் படுக்கிறவள் என்றுதான் நான் அவளைத் தெரிந்துவைத்திருந்தேன்.

ஒரு வாரம் அலைந்தோம். மேட்ரனிடம் போய், 'நல்ல முறையில் பணியாற்றினார்' என்று மட்டும் இருந்த அனுபவச் சான்றிதழை, பிரிவின் பெயரும் வருடமும் குறைமாதக் குழந்தைகளைத் தனியாகக் கவனித்த விவரமும் வருகிறபடி மாற்றி வாங்கினோம். நர்சிங் கவுன்சில் பதிவைப் புதுப்பித்தோம். ஒரு காலேஜ் பிரின்சிபாலிடம் காத்துக்கிடந்து நகல்களில் பச்சை மையில் கையெழுத்து வாங்கினோம். போட்டோ ஸ்டூடியோவில் இரண்டு தடவை எடுக்க வைத்தேன். முதல் போட்டோவில் அவள் முகம் அழுததுபோல் இருந்தது.

நான் செய்ததிலேயே நல்ல விண்ணப்பம் அது. ராம்நகரில் நர்சுகளை அனுப்புகிற ஏஜெண்டிடம் இருவரும் எடுத்துக்கொண்டு போனோம். அவர் முழுவதையும் நின்றபடியே படித்தார். படித்துவிட்டு உட்கார்ந்தார்.

"இந்த மாதிரி பயோடேட்டா எனக்கு வந்ததே இல்லீங்க. ஆனா அங்க ஹாஸ்டல்ல தங்கறதுக்குக் கல்யாணமாகாதவங்களைத்தான் கேக்கறாங்க. கைக்குழந்தையை விட்டுப்போட்டு வர்றவங்க பாதியில திரும்பிப் போயிடறாங்கன்னு சொல்றாங்க. அந்த ஒரு லைன்தான் இடிக்குது."

விதவை, பெண் குழந்தை ஒன்று என்ற வரியை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். மாற்றச் சொல்லி அவர் சொல்லவில்லை. அவர் மேல் நான் பழி போடக் கூடாது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது தங்கை சான்றிதழ் கவரை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சரி, இங்கேயே வேறு நல்ல ஆஸ்பத்திரி பார்க்கிறேன் என்று இறங்குகிற சமயத்தில் சொன்னாள். நான்தான் விடவில்லை. அவளுடைய சான்றிதழ்கள் எல்லாம் அப்பா பெயரின் முதல் எழுத்தோடுதான் இருந்தன. கல்யாணமானது சர்ச் பதிவேட்டில் தவிர வேறு எந்தத் தாளிலும் கிடையாது. இதையெல்லாம் நான் பஸ்ஸிலேயே யோசித்து முடித்திருந்தேன்.

மறுநாள் அவள் கடைக்கு வந்தாள். அழித்துத் திருத்தினால் தெரியும் என்று புதுத் தாள் ஏற்றி, முழுவதையும் முதலில் இருந்து அடித்தேன். அந்த இடம் வந்தபோது நிறுத்தாமல் அடித்துவிட்டேன். மணமாகாதவர். குழந்தைகள்: இல்லை. அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைன்னு போடறியா?"

"பேப்பர்லதானே அம்மணி."

"பேப்பர்லதான்" என்று அவளும் சொன்னாள்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இருக்கிற பிள்ளையை இல்லை என்று எழுதலாமா என்று மட்டும் கேட்டார். உங்களுக்கு இந்த விவகாரத்தில் என்ன தெரியும் என்று நான் அவர் மேல் விழுந்தேன். அவர் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் அதையே எழுத வேண்டியிருந்தது. விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். வயதானவர், மரியாதையாகப் பேசினார். தண்ணீர் கொடுத்தேன். தங்கையிடம் பெயர், படிப்பு, வேலை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். குழந்தை ஓடிவந்து அவர் தொப்பியைத் தொட்டது. அவர் சிரித்துக்கொண்டே, யாருங்க இந்தக் கண்ணு என்று கேட்டார்.

தங்கை வாயைத் திறந்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன்.

"எம் பொண்ணுங்க."

சொன்னதும் எனக்கு உடம்பு சூடாகிவிட்டது. பயத்தினால் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். போலீஸ்காரர் போனபிறகு தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் துணி காயப்போடப் போனாள். கொடியில் ஏற்கெனவே துணி காய்ந்துகொண்டுதான் இருந்தது.

மெட்ராஸில் இன்டர்வியூ நடந்தது. போய்விட்டு வந்து அவள் சொன்னது இவ்வளவுதான்: வேலையைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் விண்ணப்பத்தில் எழுதியிருந்தபடியே சொல்ல முடிந்தது. கடைசியில் ஒரு அம்மாள், விட்டுப் பிரிந்து வர முடியாத ஆள் யாராவது வீட்டில் உண்டா என்று கேட்டார்களாம். இல்லை என்றாளாம். நல்லது என்று சொல்லி டிக் போட்டார்களாம்.

தொண்ணூற்றி மூன்று ஜனவரியில் கிளம்பினாள். ரயிலில் மெட்ராஸ் போய், அங்கிருந்து விமானம். குழந்தைக்கு மூன்றரை வயது. கோயமுத்தூர் ஜங்ஷனில் அது என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, தானும் ரயில் ஏற வேண்டும் என்று அடம்பிடித்து அழுதது. பார்த்தவர்கள் அம்மாவைப் பிரிகிறதால் அழுகிறது என்று நினைத்திருப்பார்கள். தங்கையும் அப்படித்தான் நினைத்தாள். நான் அதைத் திருத்தவில்லை.

அங்கே அவளைக் குறைமாதக் குழந்தைகள் பிரிவிலேயே போட்டார்கள். மாதம் இரண்டு கடிதம் வரும். ஹாஸ்டலில் ஓர் அறைக்கு நான்கு பேர், அதில் ஒருத்தி தமிழ் தெரிந்தவள். அதனால் கடிதத்தில் எங்கேயும் என் பெண் என்று எழுத மாட்டாள். குட்டி சாப்பிடுகிறாளா, குட்டிக்கு முடி வளர்ந்ததா என்றுதான் இருக்கும். அனுப்பிய போட்டோவைத் தலைமாட்டில் ஒட்டிவைத்திருப்பதாகவும், அக்கா பெண் என்று எல்லோரிடமும் சொல்லியிருப்பதாகவும் எழுதினாள். பாய் கடையின் போன் நம்பரைக் கொடுத்திருந்தேன். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிடுவாள். முதலில் குழந்தையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேச வைத்தேன். அது போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டும். "பேசு கண்ணு, அம்மாவுக்கு நீ ஆட்டறது தெரியாது" என்பேன். அப்புறம் அதுவும் குறைந்துபோயிற்று.

வீட்டில் குழந்தை வளர்ந்தது. வாய் திருந்தியபோது பெயிம்மா என்பது பெரியம்மா ஆகவில்லை. முன்னால் இருந்தது உதிர்ந்து 'ம்மா' மட்டும் மிஞ்சியது. நான் திருத்தியிருக்க வேண்டும்.

ஐந்து வயதில், சர்ச் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்த்தோம். அட்மிஷன் படிவத்தை நான்தான் நிரப்பினேன். தகப்பனார், தாயார் என்ற இடங்களில் என் வீட்டுக்காரர் பெயரையும் என் பெயரையும் எழுதினேன். தங்கையின் பெயரைப் போட்டால் நாளைக்கு எங்காவது போய் மாட்டும், அவள் வேலைக்கு ஆபத்து என்று வீட்டுக்காரரிடம் காரணம் சொன்னேன். காரணம் பொய்யில்லை. ஆனால் அதை எழுதும்போது என் கையெழுத்து மிக அழகாக வந்தது. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்த வருடம் மழைக்காலத்தில் குழந்தைக்கு டைபாய்டு வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று இருந்துவிட்டோம். பத்தாம் நாள் வார்டில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. குழந்தை கண்ணைத் திறக்கவே இல்லை. பாய் தானே தங்கையின் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் செய்தி சொன்னார்.

தங்கை மறுநாள் கூப்பிட்டாள். எமர்ஜென்சி லீவு கேட்டிருந்தாள். பெற்றோர், கணவன், குழந்தை இவர்களுக்கு என்றால்தான் கிடைக்கும், அக்கா பெண்ணுக்கெல்லாம் கிடையாது என்று மேலே இருந்த அம்மாள் அன்பாகவே சொன்னாராம். உண்மையைச் சொன்னால், விண்ணப்பத்தில் பொய் சொன்னதற்கு வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். லீவே இல்லாமல் ஓடி வரலாம் என்றால் அவள் பாஸ்போர்ட்டை அங்கே ஆஸ்பத்திரி அலமாரியில் வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். இதை எல்லாம் அவள் வேகமாக, மூச்சு விடாமல் சொன்னாள். பிறகு வார்டில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"அக்கா, ஒரு நோட்டுப் போடு. நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா டெம்பரேச்சர் எழுது. என்ன குடிச்சா, எத்தனை தடவை வெளிய போனா, என்ன ஊசின்னு எல்லாத்தையும் எழுது. நான் தெனமும் கூப்பிடறேன். நீ படி."

அப்படியே செய்தோம். பகல் பன்னிரண்டுக்கு ஆஸ்பத்திரியில் இருந்து கடைக்கு ஓடுவேன். போன் மணி அடிக்கும். நான் நோட்டைப் படிப்பேன். அவள் அழ மாட்டாள். நூற்றி மூன்று எப்போது, ஊசிக்கு முன்னாலா பின்னாலா, வயிறு உப்பியிருக்கிறதா, தொட்டால் முனகுகிறாளா என்று கேட்பாள். டாக்டரிடம் இதைக் கேள், இதைச் சொல் என்பாள். என் கேள்விகளைக் கேட்டு வார்டு டாக்டர், நீங்க நர்ஸா என்று ஒருநாள் கேட்டார். பதினோரு நாள் இப்படி நடந்தது. பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கி, குழந்தை ரசஞ்சோறு கேட்டது. அதைப் போனில் சொன்னபோதுதான் தங்கை அழுதாள். அறையில் யாரோ என்ன என்று கேட்டதும், அக்கா பெண்ணுக்குச் சரியாகிவிட்டது என்று அவள் அவர்களுக்குச் சொல்வது எனக்குக் கேட்டது.

அடுத்த ஜனவரியில் முதல் லீவில் வந்தாள். முப்பத்தைந்து நாள். மெலிந்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். ஸ்டேஷனில் இருந்து ஆட்டோவில் வந்து இறங்கியபோது குழந்தை வாசலில் நின்றிருந்தது. அது அவளை அடையாளம் கண்டுகொண்டது. போட்டோ பார்த்திருக்கிறது, அம்மா என்று நாங்கள் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்திருந்தோம். மறைக்கவில்லை. அவளைப் பார்த்து, "வாங்க" என்றது. அப்புறம் "உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டியது.

எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். பால்காரருக்கும் போடுவோம், பக்கத்து வீட்டுக்கும் போடுவோம். ஆனால் அந்தக் குழந்தை என்னை 'வா' என்றுதான் கூப்பிடும். தங்கைக்கு அது முதல் நாளே புரிந்துவிட்டது. கொண்டுவந்த பொம்மையை நீட்டியபோது குழந்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தேங்க்ஸுங்க என்றது. தங்கை சிரித்தாள்.

ஒரு வாரம் கழித்து அவள் பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டைப் பார்த்தாள். அதில் பெற்றோர் என்று எங்கள் பெயர்கள் இருந்தன. அதை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். மறுநாள் கடைக்கு வந்து, வாடிக்கைக்காரர்கள் உட்கார்கிற நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு தாளை எடுத்து வைத்தாள். தமிழில் எழுதியிருந்தாள். எனக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது, வேலை கிடைக்காதோ என்று பயந்து மறைத்துவிட்டேன், இரண்டு வருடமாக என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை, என்னை மன்னித்து என் பதிவேட்டில் குழந்தையின் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், முடிந்தால் என்னோடு அழைத்துவர அனுமதிக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

"நீ எழுதுனா கேப்பாங்கக்கா" என்றாள். "உன் எழுத்துக்கு மறுப்புச் சொன்னவங்க இல்ல."

அன்று மாலையே அதை எழுதினேன். எல்லோரும் போனபிறகு உட்கார்ந்து ஒரே மூச்சில் அடித்தேன். மேலதிகாரிகள் எழுதிக்கொடுத்திருந்த பாராட்டுகளில் இருந்து தொடங்கி, மெதுவாகக் குற்றத்துக்கு வந்து, மன்னிப்பைக் கேட்டு, குழந்தையின் வயதில் முடித்தேன். படித்துப் பார்த்தபோது மாற்ற ஒரு வார்த்தைகூட இல்லை. இதைப் படிக்கிறவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணம் வந்தவுடன்தான் பயம் வந்தது.

தாளைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். குழந்தை ஓடிவந்து, ஏன் இவ்வளவு நேரம் என்று சண்டை பிடித்து என் பையை இழுத்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டேன். தாளை அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து தங்கையிடம், ஏஜெண்டிடம் விசாரித்தேன் என்று சொன்னேன். கடிதம் கொடுத்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்களாம், வேறு எந்த நாட்டுக்கும் போக முடியாதபடி ஆகிவிடுமாம், இன்னும் ஒரு காண்டிராக்ட் முடியட்டும் என்கிறார் என்றேன். நான் ராம்நகர் பக்கமே போகவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரிக்கா என்றாள். போய்விட்டாள். அங்கே காண்டிராக்டைப் புதுப்பிக்கிற படிவத்தில் மறுபடியும் மணமாகாதவர் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததாக அடுத்த கடிதத்தில் இருந்தது.

அதன் பிறகு இரண்டு காண்டிராக்ட். இடையில் இரண்டு லீவு. ஒவ்வொரு தடவை வரும்போதும் குழந்தை வளர்ந்து இன்னும் மரியாதையாகப் பேசியது. நான் கடையில் விண்ணப்பங்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தது. திருத்துவது சுலபமாகிவிட்டது. மணமானவரா என்ற இடம் வந்தால் மட்டும் எதிரில் இருப்பவர்களையே பேனாவால் எழுதிக்கொள்ளச் சொல்லிவிடுவேன். ஏன் என்று பாய் கேட்டதில்லை.

தொண்ணூற்றி ஒன்பதில் தங்கை முதுகுவலியோடு நிரந்தரமாக வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் இருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். பெண்ணுக்குப் பத்து வயது. வந்த புதிதில் ஒருநாள் அந்த வீட்டில் இருவரும் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது நான் சொல்லிவிட்டேன். ஏஜெண்டிடம் நான் கேட்கவே இல்லை, கடிதம் என் அலமாரியில்தான் இருந்தது என்றேன். இத்தனை வருடம் இதற்காக எத்தனை வாக்கியங்களை மனதில் எழுதி வைத்திருந்தேனோ, ஒன்றும் வரவில்லை.

அவள் கையில் இருந்த தம்ளரைத் துடைத்து முடித்தாள்.

"தெரியுமுக்கா. அப்பவே திரும்பக் கிளம்பறதுக்கு முன்னால நான் ராம்நகர் ஏஜெண்டுகிட்டப் போனேன். யாரும் வந்து கேக்கலைன்னாங்க. குடுத்துப் பாருங்க, ஒத்துக்கிட்டாலும் ஒத்துக்குவாங்கன்னு சொன்னாங்க."

"அப்புறம் ஏன் குடுக்கல?"

"நீயே வேண்டாம்னு நெனைக்கறப்ப எனக்குத் தைரியம் வரலை. நீ இல்லாம நான் ஒரு பேப்பரும் எழுதுனதில்லையே."

அதற்குமேல் அவள் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு ஏதாவது செய்ய இருந்திருக்கும்.

பள்ளிப் பதிவைத் திருத்த வேண்டும் என்றாள். அதற்கும் விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. ஞானஸ்நானச் சான்றிதழ், நோட்டரி கையெழுத்து, ஆயர் கடிதம் எல்லாம் சேர்த்து நானே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைமையாசிரியை என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு மாதத்தில் தாய், தகப்பன் பெயர்கள் மாறி வந்தன. அந்த வாரமே பெண்ணைத் தங்கை வீட்டுக்கு அனுப்பினோம். அவளுடைய துணி, புத்தகம், தலையணை எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். அவள் அழவில்லை, மறுக்கவில்லை. போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு சைக்கிளுக்குப் பின்னால் நடந்தாள். திரும்பி வந்த வீட்டுக்காரர் கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆறேழு மாதம் கழித்து, சர்ச் முடிந்து வரும்போது தங்கையிடம் கேட்டேன். பெண் எப்படி இருக்கிறாள், சொன்னபடி கேட்கிறாளா.

"தங்கமான புள்ளக்கா. சொல்றதுக்கு முன்னால செஞ்சுபோடறா. குடுத்ததைச் சாப்பிடறா" என்றாள். பஸ் ஸ்டாப்பை நோக்கிக் கொஞ்ச தூரம் நடந்தோம். "என்கிட்ட ஒருநாள்கூட சண்டை போட்டதில்ல."

 பள்ளி விட்டதும் அந்தப் பெண் தினமும் என் வீட்டுக்குத்தான் முதலில் வருகிறாள், பையை மூலையில் எறிகிறாள், ஏன் முறுக்கு தீர்ந்துபோச்சு, ஏன் என் சட்டையைத் தைக்கவில்லை என்று கத்துகிறாள், கோபித்துக்கொண்டு கதவைச் சாத்துகிறாள் என்பதை அவளிடம் நான் எப்படிச் சொல்வேன். சுங்கம் வழியாகப் போகிற எங்கள் பஸ் வந்தது. தங்கைக்கு முதுகு வலிக்கும் என்று அவளை முன்னால் ஏறச் சொன்னேன்.